குழு, பிரிவு, மீள்கூடல்: வங்காள இசைக்குழுவொன்றின் வரலாறும் வன்னிக் கலைக்குழுக்கள் பற்றிய சில சிந்தனைகளும்

1. பிரச்சினையின் இயல்பு

கலைக்குழுக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தனிமனிதரின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். குழு தோன்றியமைக்கு ஒருவரது மேதாவிலாசமும், அது உடைந்தமைக்கு இருவரது மனக்கசப்பும், மீண்டும் கூடியமைக்குப் பழைய நட்பின் வலிமையும் காரணங்களாகக் கூறப்படும். மேதாவிலாசமும் மனக்கசப்பும் நட்பும் இல்லாத குழு உலகில் இல்லை. ஆயின், அவையே போதிய காரணங்களாயின் எல்லாக் குழுக்களும் ஒரே வகையாகத் தோன்றி ஒரே வகையாக மறைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஒரு குழு எவரது உழைப்பால், எவரது பணத்தால், எந்த மக்களை நம்பி இயங்கியது என்னும் வினாவை எழுப்பாதவிடத்து அதன் தோற்றமும் பிரிவும் விளக்கம் பெறுவதில்லை.

இவ்வினா வன்னிப் பெருநிலப்பரப்பைச் சார்ந்த எமக்கு வெறும் ஆராய்ச்சி வினா அன்று. எமது பிரதேசத்தில் ஆட்டத்தையும் பாட்டையும் தாங்கி நின்ற ஆதாரங்கள் மூன்று. முதலாவது கோயில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டையும் முள்ளியவளைப் பகுதியையும் சூழ்ந்து வளர்ந்த கோவலன் கூத்து இதற்குச் சான்றாகும். இரண்டாவது, போர்க்காலத்தில் கலைஞரை ஒன்றுதிரட்டிய அரசியல் இயக்கம். மூன்றாவது, திருவிழா மேடைகளிற் சினிமாப் பாடல்களை வழங்கிவந்த வாத்தியக் குழுக்களுக்குக் கிடைத்த கூலி. 2009ஆம் ஆண்டு சனவரியிற் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இராணுவத்தின் வசமாகி, மக்கள் முள்ளிவாய்க்கால்வரை பெயர்ந்து, பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டபொழுது இம்மூன்று ஆதாரங்களும் ஒருங்கே இற்றுப்போயின. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுவோர் சுமந்து செல்லும் பொருட்களுள் மத்தளமும் ஆர்மோனியமும் முதலிடம் பெறுவனவல்ல. அக்காலத்திற் பதின்பருவத்தினராயிருந்த எமது தலைமுறை, கலைக்குழுவென்பது எவ்வளவு எளிதிற் சிதறக்கூடியதென்பதைக் கண்ணாற் கண்டது.

சிதறியது மீண்டும் கூடுமா, கூடுமாயின் எவ்வடிவத்திற் கூடும் என்னும் வினாவுக்கு விடை தேடுங்கால், ஒப்பீட்டுக்கு வாய்ப்பான ஒரு வரலாறு கல்கத்தாவிற் கிடைக்கின்றது. கோயிலையோ கட்சியையோ சினிமாவையோ சாராது 1970களில் தோன்றி, 1981இற் கலைந்து, 1995இல் மீண்டெழுந்த ‘மொஹீனேர் கோராகுலி’ என்னும் சுயாதீன ரொக் இசைக்குழுவின் வரலாறே அது. அரசியற் தோல்வியொன்றின் பின்னரே அக்குழு பிறந்தது என்பதும் எமது கவனத்துக்குரியது. இரு பிரதேசங்களின் அனுபவங்களையும் சமப்படுத்துவது எமது நோக்கமன்று. அழிவின் அளவிலும் தன்மையிலும் அவை ஒப்பிடத்தக்கனவல்ல. கலைக்குழு எவ்வாறு வாழ்கின்றது என்னும் ஒரு வினாவை மாத்திரம் இரண்டிடத்தும் எழுப்பிப் பார்ப்போம்.

2. வங்காளப் பின்னணி

வங்காளத்தில் அரசியலுக்கும் பாடலுக்கும் இடையே நீண்ட உறவு உண்டு. 1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம் சலில் சௌத்ரி, ஹேமாங்க பிஸ்வாஸ் முதலியோரின் ஆக்கங்களை விவசாயிகளிடமும் தொழிலாளரிடமும் கொண்டு சென்றது. எனினும் அம்மன்றத்தின் உச்சகாலம் நீடிக்கவில்லை. சலில் சௌத்ரி போன்ற ஆற்றல் மிக்கோர் 1950களிற் பம்பாய்ச் சினிமாவை நாடிச் சென்றனர். இயக்கம் தளர்ந்தபொழுது இயக்கத்தின் இசைஞர் சந்தைக்குச் செல்வது தவிர்க்கவியலாததாயிற்று.

1960களின் பிற்பகுதியிற் கல்கத்தாவின் இசையுலகு பிளவுண்டு கிடந்தது. ஒருபுறம் வங்காள மத்தியதர வர்க்கத்தின் பண்பாட்டு அடையாளமாகிவிட்ட ரவீந்திர சங்கீதமும், காதலையே பெரிதும் பாடிய ‘ஆதுனிக்’ எனப்படும் நவீன மெல்லிசையும் சினிமாப் பாடல்களும். மறுபுறம் பார்க் வீதியின் விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களை இசைத்த, ஆங்கிலோ-இந்தியர் பலரைக் கொண்ட குழுக்கள். ரொக் இசையென்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் மரபிலிருந்து பெரிதும் கடன்பெற்று, 1950களில் மின்கிற்றாரையும் தாளவாத்தியத் தொகுதியையும் அடிப்படையாகக் கொண்டு எழுந்த வடிவம். ஒடுக்கப்பட்டோரிடத்துப் பிறந்த அவ்விசை கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபொழுது வசதி படைத்தோரின் விடுதிப் பொழுதுபோக்காகியிருந்தது என்னும் முரண் மனங்கொள்ளத்தக்கது.

1967இல் டார்ஜிலிங் மாவட்டத்து நக்சல்பாரியில் எழுந்த விவசாயிகள் கிளர்ச்சி கல்கத்தாவின் மாணவரை ஆட்கொண்டது. பிரெசிடென்சிக் கல்லூரி மாணவரான கௌதம் சட்டோபாத்யாய் அவர்களுள் ஒருவர். பார்க் வீதியில் ஆங்கிலோ-இந்திய நண்பருடன் கிற்றார் வாசித்தவரும் அவரே. அவர் கைது செய்யப்பட்டுச் சிறையிருந்தார். விடுதலையின் பின் மேற்கு வங்கத்தில் தங்குதல் ஆகாதென்ற நிலையில் மத்திய இந்தியாவின் போபால், ஜபல்பூர் ஆகிய நகரங்களிற் சிறிது காலம் வாழ்ந்தார். கல்கத்தாவுக்கு அவர் மீண்டபொழுது இயக்கம் நசுக்கப்பட்டிருந்தது. 1975 யூனில் இந்தியாவெங்கும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. பேச்சும் எழுத்தும் முடக்கப்பட்ட இக்காலத்திலேதான் கல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள நாக்தலாவில், கௌதமின் வீட்டில், ஓர் இசைக்குழு உருக்கொண்டது.

3. எழுச்சி

குழுவினர் எழுவர்: கௌதம், விஸ்வநாத், பிரதீப் என்னும் சட்டோபாத்யாய்கள் மூவர், ரஞ்சன் கோஷால், ஆபிரகாம் மஜும்தார், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய். சகோதரரும் உறவினரும் நண்பருமாக அமைந்த இக்கூட்டு, எமது கூத்துக் குழுக்களின் அமைப்பை நினைவூட்டுவது. கூலி கொடுக்க வழியில்லாத கலையுற்பத்தி உறவுமுறையையே முதலீடாகக் கொள்கின்றது. அண்ணாவியாரின் முற்றத்துக்கும் நாக்தலா வீட்டுக்கும் இவ்வகையில் வேறுபாடு அதிகமில்லை.

‘மஹீனின் குதிரைகள்’ எனப் பொருள்படும் குழுவின் பெயர், ஜீவனானந்த தாஸ் (1899–1954) இயற்றிய ‘குதிரை’ என்னும் கவிதையிலிருந்து பெறப்பட்டது. அக்கவிதை 1948இல் வெளிவந்த அவரது தொகுதியில் இடம்பெற்றது. ஆங்கிலப் பெயர்களைச் சூடிக்கொண்ட குழுக்களிடையே நவீன வங்காளக் கவிதையொன்றிலிருந்து பெயர் கொண்டமை ஒரு பண்பாட்டு நிலைப்பாடாகும். ரவீந்திரநாதரின் நிழலுக்கு அப்பால் நகரத்தின் தனிமையையும் சிதைவையும் பாடிய கவிஞரிடம் தம்மை இணைத்துக்கொண்டதன் மூலம், தமது பாடலின் பொருள் யாது என்பதையும் அவர்கள் அறிவித்துவிட்டனர்.

இசையிலும் இதே நிலைப்பாடு காணப்பட்டது. மின்கிற்றாருடன் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்தன. பொப் டிலன், பீட்டில்ஸ் ஆகியோரிடம் கற்றவை வங்காளக் கிராமங்களில் அலைந்து பாடும் பாவுல்களின் மரபுடன் கலந்தன. நகரத் தெரு, வேலையின்மை, அன்றாட வாழ்வின் சிறு பொருட்கள் முதலியன பாடற்பொருளாயின. இதனை இயக்கப் பாடலின் நேரடித் தொடர்ச்சி எனக் கொள்ளல் பொருந்தாது. முழக்கங்கள் தோற்ற பின்னர், முழக்கமின்றி வாழ்க்கையை நோக்க முற்பட்ட ஒரு தலைமுறையின் குரலாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. முதலாவதன் தலைப்பு ‘கலங்கிய பறவைகளும் கல்கத்தா பற்றியும்’ எனப் பொருள்படும். 1978இல் ஸ்டார் அரங்கிலும் 1979இல் ரவீந்திர சதனிலும் நிகழ்ச்சிகள் நடந்தன. கேட்டோர் சிலர், வாங்கியோர் அவரினுஞ் சிலர். பரந்த வரவேற்பு என்று கூறத்தக்க எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ இதே காலத்தில் ஈழத்தில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். பைலாவின் துள்ளலும் பேச்சுத் தமிழின் நகைச்சுவையும் அவற்றை வீடுதோறும் கொண்டு சென்றன. ஆயின் மனோகரன் தென்னிந்தியச் சினிமாவுக்குச் சென்றார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தார். வரவேற்புப் பெற்ற இசையும் பெறாத இசையும் நிலைத்த ஆதாரமின்மையால் ஒரே முடிவை எய்தியமை தற்செயலன்று.

4. பிரிவு

1981இற் குழு கலைந்தது. இதற்குப் பெரும் சண்டையொன்றைத் தேடுவது வீண்வேலை. ரஞ்சன் கோஷால் பெங்களூருக்குச் சென்று விளம்பரத் துறையிலும் நாடகத்திலும் ஈடுபட்டார். விஸ்வநாத் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். ஆபிரகாம் மஜும்தார் மேனாட்டுச் செவ்வியல் இசை கற்பிப்பவராகக் கல்கத்தாவில் நிலைபெற்றார். கௌதம் திரைப்படத் துறையில் இறங்கி, பாம்பாட்டிகளான நாடோடிச் சமூகத்தினரைப் பற்றி எடுத்த ‘நாகமோதி’ (1983) சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஒவ்வொருவரும் தத்தம் உழைப்பை விற்கக்கூடிய இடத்தைத் தேடிப் போயினர். இசையால் உண்ண முடியாதவிடத்து இசைஞர் கலைவது சம்பளத்தின் விதி. அதனை மனக்கசப்பின் கதையாகச் சுருக்குவோர் அவ்விதியை மறைக்கின்றனர்.

இவ்விடத்தில் முற்போக்காளர் தம்மைத் தாமே வினவவேண்டிய விடயம் ஒன்றுண்டு. முதலாவது இசைத்தட்டு வெளிவந்த அதே 1977இல் மேற்கு வங்கத்தில் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தது. 2011வரை 34 ஆண்டுகள் ஆண்டது. நிலச்சீர்திருத்தத்தில் அவ்வரசு செய்தவற்றைக் குறைத்து மதிப்பிடல் நியாயமன்று. ஆயின் மேனாட்டு வாத்தியங்களுடன் எழுந்த நகர இசையை அது தனதென எண்ணவில்லை. 1980களில் ‘அபசம்ஸ்கிருதி’, அதாவது சீரழிந்த பண்பாடு, என்னுஞ் சொல் இடதுசாரி வட்டங்களிற் பெரிதும் அடிபட்டது. பாடகி உஷா உதுப்பின் நிகழ்ச்சிக்கு அரச மண்டபம் மறுக்கப்படும் அளவுக்கு அது சென்றது. ஏகாதிபத்தியப் பண்பாட்டை எதிர்ப்பதும் கிற்றாரை எதிர்ப்பதும் ஒன்றெனக் கொண்ட இந்நோக்கு, வாத்தியத்தை அதனை உடையவரின் வர்க்கமாகப் பிழையாக வாசித்ததன் விளைவாகும். ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே; காத்தவராயன் கூத்து அதனால் மேனாட்டுக் கலையாகிவிடவில்லை. சிறையிலிருந்து வந்த ஒரு மனிதரின் பாடலை அவர் எந்த மக்களுக்காகச் சிறை சென்றாரோ அவர்களின் பெயரால் ஆண்டோர் இனங்காணத் தவறியமை, இலக்கிய விமரிசனத்திலும் எமது பக்கத்தார் செய்த தவறுகளுடன் வைத்து எண்ணத்தக்கது.

5. மீள்கூடல்

கலைந்த குழுவின் பாடல்கள் மறையவில்லை. கல்லூரி விடுதிகளிலும் நண்பர் கூட்டங்களிலும் அவை வாய்வழியே பரவின. இடைக்காலத்தில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒலிநாடா மலிவாகி, இசைத்தட்டுக் கம்பனிகளின் ஏகபோகம் தளர்ந்தது. 1992இல் சுமன் சட்டோபாத்யாய் (பின்னர் கபீர் சுமன்) வெளியிட்ட ‘தோமாக்கே சாய்’, கிற்றாருடன் தனித்துப் பாடப்படும் நகர வாழ்க்கைப் பாடலுக்குச் சந்தை உண்டென்பதை மெய்ப்பித்தது. 1991இன் பொருளாதாரத் தாராளமயத்தின் பின்னர் உருவாகிய புதிய மத்தியதர இளைஞர் கூட்டமே அச்சந்தை.

1995இற் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் ‘மீண்டும் இருபதாண்டுகளின் பின்’ எனப் பொருள்படும் ஒலிநாடா வெளிவந்தது. இத்தலைப்பும் ஜீவனானந்தரின் கவிதையொன்றை நினைவிற் கொண்டது. இதனைத் தொடர்ந்து 1996, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுதிகள் வெளிவந்தன. எமது ஆய்வின் மையம் இத்தொகுதிகளின் அமைப்பிலேயே உள்ளது. பழைய எழுவரும் மேடையேறிப் பழைய பாடல்களைப் பாடிக் கைதட்டல் பெறும் மீள்கூடலாக அது அமையவில்லை. தொகுதிகளின் மீது பொறிக்கப்பட்டது ‘மொஹீனேர் கோராகுலி சம்பாதித’, அதாவது இக்குழுவாற் பதிப்பிக்கப்பட்டது, என்னும் தொடராகும். பழைய பாடல்கள் சில புதிதாக வழங்கப்பட்டன. அவற்றுடன், கிராஸ்விண்ட்ஸ் போன்ற இளைய குழுக்களினதும் பெயர் பெற்றிராத இளம் பாடகர்களினதும் ஆக்கங்கள் சேர்ந்து வந்தன.

இலக்கிய மாணவராகிய எமக்கு இச்சொற்றேர்வு மிக்க பொருளுடையது. குழு தன்னைப் பாடகர் என்ற நிலையினின்றும் பதிப்பாசிரியர் என்ற நிலைக்கு மாற்றிக்கொண்டது. எமது நாட்டிற் சிற்றிதழ்கள் எதனைச் செய்தனவோ அதனையே இங்கு ஓர் இசைக்குழு செய்தது. தன் பெயரை ஒரு களமாக்கி அதிற் பிறருக்கு இடமளித்தது. இத்தொகுதிகள் பரவிய காலத்திலேயே வங்காளத்தில் ‘பாங்ளா பாண்ட்’ எனப்படும் குழுவிசை ஒரு பேரலையாக எழுந்தது. 1989இல் உருவாகிய சந்திரபிந்துவும் 1992இல் உருவாகிய காக்டஸும் பெயர்பெற்றன. 1998இல் ஃபொசில்ஸ் தோன்றியது. 1970களிற் சிலரே கேட்ட ஒரு குழு, 1990களிற் பலர் பாடுவதற்குரிய முன்னோடியாயிற்று. 1999இற் கௌதம் காலமானார். அப்பொழுது அவர் அசாமின் கார்பி மக்களின் மொழியில் ஒரு திரைப்படத்தை உருவாக்கிக் கொண்டிருந்தார். குழுவின் நிறுவனர் மறைந்தபொழுது குழுவின் பணி முடிந்துவிடவில்லை என்பதே மீள்கூடலின் வெற்றி.

6. வெற்றியின் முரண்பாடு

எனினும் இவ்வெற்றியைக் குறையில்லாததாகக் காட்டுதல் வரலாற்றாசிரியருக்கு அழகன்று. 1995இன் தொகுதியில் உலகம் தொலைக்காட்சிப் பெட்டிக்குட் சுருங்கிப் போவதை எள்ளி நகைக்கும் பாடலொன்று இடம்பெற்றது. அப்பாடலின் மெட்டே 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்னும் இந்திப் படத்திற் காதற் பாடலாகி, அதே தொலைக்காட்சிப் பெட்டிகளில் நாடெங்கும் ஒலித்தது. பாடலின் சொல்லை விலக்கி மெட்டை மாத்திரம் கைக்கொள்ளும் பண்பாட்டுக் கைத்தொழிலின் செயற்பாட்டுக்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது. குழுவை மீட்டெழச் செய்த சந்தையே அதன் கருத்தை உருவி எடுத்தது.

வாழ்வாதாரம் பற்றிய வினாவும் தீரவில்லை. குழுவின் முதற் கூட்டத்தவருள் ஒருவரும் இறுதிவரை பாடிவந்தவருமான தாபஸ் தாஸ் 2023 யூனிற் புற்றுநோயாற் காலமானார். அவரது சிகிச்சைச் செலவுக்காக இரசிகரும் இளைய கலைஞரும் நிதி திரட்டினர். அவர்களது அன்பு போற்றற்குரியது. ஆயின் வங்காள நவீன இசையின் முன்னோடியொருவர் முதுமையில் நோயுற்றபொழுது நன்கொடையை நாடவேண்டியிருந்தமை, 1981இற் குழுவைக் கலைத்த அதே காரணம் நாற்பதாண்டுகளின் பின்னரும் உயிருடனிருந்ததைக் காட்டுகின்றது. இளையோரிடம் ஒப்படைப்பதால் மரபு வாழ்ந்தது. மரபைத் தந்தவரின் வாழ்வுக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை.

7. வன்னியை நோக்கி

இவ்வரலாறு எமக்குக் கூறுவன யாவை?

முதலாவதாக, எமது குழுக்கள் சிதறியமையைப் போரின் விளைவு என்று மாத்திரம் கூறி அமைதலாகாது. போர் அவற்றைத் தாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் போருக்கு முன்னரே நிலவிய ஆதாரங்களின் தன்மையையும் ஆராய்தல் வேண்டும். கோயிலை நம்பிய கூத்து, கோயிலுக்குட் செல்லவும் களரியில் ஏறவும் எச்சாதியார்க்கு உரிமை உண்டு என்னும் நிலமானிய வரையறையையும் உடன்கொண்டிருந்தது. இயக்கத்தை நம்பிய இசை, இயக்கம் கூற விரும்பியதைக் கூறும் வரையிலேயே வாழ்ந்தது; இயக்கத்துடன் அதன் மேடையும் மறைந்தது. சினிமாவை நம்பிய வாத்தியக் குழுவுக்குத் தனக்கென ஒரு பாடலும் இருக்கவில்லை. மூன்று ஆதாரங்களும் கலைஞருக்குச் சோறிட்டன. மூன்றும் அதற்கான விலையைப் பெற்றன.

இரண்டாவதாக, மீள்கூடல் என்பது யாது என்பதை நாம் தெளிதல் வேண்டும். இன்று மூத்த கலைஞரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, அரைமணிநேரம் ஆடச்செய்து, நிழற்படம் எடுத்து அனுப்பிவிடுதலே மீட்டெடுப்பு எனக் கருதப்படும் நிலை காணப்படுகின்றது. இது நினைவுகூரல், மீள்கூடலன்று. 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலிய கூத்துக்களை மேடையேற்றியபொழுது, கிராமத்து அண்ணாவிமாரிடம் பல்கலைக்கழக மாணவர் கற்றனர். கற்றோர் அதனைப் புதிய நாடகத்துக்கு எடுத்துச் சென்றனர். கல்கத்தாக் குழுவினர் 1995இற் செய்ததும் சாராம்சத்தில் அதுவே. முன்னோரின் பெயரைக் களமாக்கி அதில் இளையோரின் சொந்த ஆக்கத்துக்கு இடமளிப்பதே மீள்கூடல்.

மூன்றாவதாக, அக்களம் வெறுங்காற்றில் அமைவதன்று. எஞ்சியுள்ள அண்ணாவிமாரின் பாடல்களையும் ஆட்டமுறைகளையும் பதிவு செய்தல், அப்பதிவுகள் அவர்களது உடைமையென ஏற்றல், பயிற்றுவோருக்கு மாதந்தோறும் ஊதியம் வழங்கல், ஒத்திகைக்கு இடமும் வாத்தியமும் அளித்தல் ஆகியன உள்ளூராட்சி மன்றங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் ஏற்கவேண்டிய கடமைகள். 2021இல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்ட நிலையில், இதனைச் செய்யத் தகுந்த நிறுவனம் வன்னியில் இல்லை என்னுங் கூற்று இனிச் செல்லாது. இன்றைய வன்னி இளைஞன் கையடக்கத் தொலைபேசியிற் பாடலைப் பதிவுசெய்கிறான். கிற்றாரும் மின்விசைப்பலகையும் அவன் கைக்கு எட்டியுள்ளன. அவனது ‘ராப்’ பாடலைச் சீரழிந்த பண்பாடெனப் புறந்தள்ளி, கூத்தை மாத்திரம் தூயதென ஏற்றுவோமாயின், வங்காள இடதுசாரிகள் செய்த தவற்றையே நாமும் செய்தவராவோம். கூத்தின் தாளக்கட்டை அவனுக்குக் கற்பிக்கும் அண்ணாவியாரும், அவ்வண்ணாவியாருக்குக் கூலி தரும் ஏற்பாடுமே இன்று தேவை.

கல்கத்தாவில் எழுவர் கலைந்து மீண்டும் கூடுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. எமது மக்கள் முகாம்களுக்குட் சென்ற ஆண்டிலிருந்து கணக்கிடின் அக்கால எல்லையை நாம் ஏற்கெனவே கடந்துவிட்டோம். பாடத் தெரிந்தோர் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுள் மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் மறைந்த பின்னர் எழுதப்படும் ஆய்வுக்கட்டுரைகள் எத்துணை சிறந்தனவாயினும் ஓர் ஆட்டக்காரனையும் உருவாக்கப் போவதில்லை.